நாலு மணி அடக்கம்

போன் அடித்தபோது எலிசாள் புருஷனின் வலது காலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். விறைத்த கால் ஒத்துழைக்கவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் சத்தியதாஸ் சாக்ஸ் போட்டது கல்யாணத்தன்று ஒரே ஒரு முறை. அதையும் பந்தி முடிவதற்குள் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்று கழற்ற வழியில்லை.

ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இடது காலை முடித்துவிட்ட மகள் ஷிஜி எழப் போனாள். "நீ இரி" என்று எலிசாளே போய் எடுத்தாள். திரையில் டீச்சர் என்று இருந்தது. கூடவே ஒரு நாய்க்குட்டியின் படம்.

"சேச்சி, ஷைலஜாவாணு." அழுது அழுது தொண்டை கட்டிய குரல். "ராத்திரி ஷிஜி மோள் விளிச்சு சொன்னா. எனக்கு நம்ப முடியல சேச்சி. அடக்கம் எத்தனை மணிக்கு?"

நேற்றிரவிலிருந்து எலிசாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனவள் அவள். பாதி வழியில் மடி கனத்ததை அறிந்தவளும் அவள்தான். அவளுக்கு வராத அழுகை எவளோ ஒருத்திக்குத் தொண்டை கட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

"நாலு மணி" என்றாள் எலிசாள்.

ஜெபம் ரெண்டு மணிக்கு என்று போதகர் நேற்றே சொல்லியிருந்தார். முக்கிலுள்ள கரண்ட் கம்பத்தில் அவருடைய படம் போட்டு ஒட்டியிருந்த நோட்டீஸிலும் ரெண்டு மணி என்றுதான் இருந்தது. போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"ஆரும்மா?" என்றாள் ஷிஜி.

"ஆருமில்ல. கையுறைய எடு."

வெள்ளைக் கையுறையை மாட்டுவதற்குமுன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் பல் தடம். சில பழையவை வெளுத்துக் கிடந்தன, கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று இன்னும் சிவப்பு மாறவில்லை. எந்தத் தழும்பு எந்தத் தெருவில், எந்த நாயிடம் வாங்கியது என்று அவளுக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரிந்திருக்கும். கடிபட்டதும் பைப்படியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசி போடக் கூட்டிக்கொண்டு ஓடியது அவள்தானே. எலிசாள் கையுறையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டாள்.

நேமத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அடிபட்ட நாயோடு ஒரு பெண் கை காட்ட, மற்ற வண்டியெல்லாம் நிற்காமல் போக, இவர் நிறுத்தினார். அதோடு போயிற்று ஆட்டோ. ஷைலஜா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனவள், கல்யாணம் கழிக்காதவள். ஒரு பழைய ஓம்னி வேனும், வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட்டும், வாரத்தில் சில நாள் வரும் ஒரு டாக்டரும்தான் அவளுடைய ஸ்தாபனம். சத்தியதாஸ் அதற்கு டிரைவரும் நாய் பிடிக்கிறவரும் ஆனார். நாயைப் பட்டி என்று சொல்லும் ஊர், சபையில் எலிசாள் பட்டிபிடியன் பெண்டாட்டி ஆனாள்.

தெருநாயைப் பிடிக்கலாம், கருத்தடை ஆபரேஷன் செய்யலாம், வெறிநாய்க்கடி ஊசி போடலாம், அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டலாம். ஆனால் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டு விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி. வேறு தெருவில் விட்டால் அங்கிருக்கும் நாய்கள் ஒன்றுசேர்ந்து குதறிவிடும் என்பார் அவர். "திரும்ப அங்கேயே விடுறதுக்கு எதுக்கு மெனக்கெட்டுப் பிடிக்கணும்? இது ஒரு வேலையா?" என்று எலிசாள் கேட்பாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அப்போது போன் அடிக்கும். எச்சில் கையோடு எழுந்து போய் "சொல்லுங்க டீச்சரே" என்பார். அதன்பிறகு வாயில் வெல்லம் போட்டாற்போல மலையாளம். இவளிடம் நாள் முழுக்கப் பேசாத பேச்சை அங்கே நின்று பேசுவார், சிரிப்பார். சோறு ஆறிப்போகும்.

வேறு மாதிரிச் சந்தேகம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அடித்துப் பிடித்து ஒரு தீர்ப்புக்கு வந்துவிடலாம். அப்படியெல்லாம் இல்லை என்று எலிசாளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சைக் களவு கொடுத்தவள் எந்த போலீசிடம் போய்ப் புகார் சொல்ல? டீச்சரை ஒருநாளும் வாசல்படி ஏற விட்டதில்லை. அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

டீச்சராவது தொலைவில். கேட்டடியில் ஒரு நாய் இருந்தது, செவலைப் பெட்டை. மதிலோரம், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில்தான் அதன் இடம். சாயங்காலம் வீடு திரும்பும் மனுஷன் நேரே உள்ளே வரமாட்டார். அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, "மோளே, காப்பி குடிச்சியா?" என்று கேட்பார். எலிசாள் அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. காப்பி போடுகிறவளிடம் யார் அதைக் கேட்பார்கள்?

போன செவ்வாய்க்கிழமைதான் பொறுமை கெட்டது. "ஊருல உள்ள பட்டிய எல்லாம் பிடிக்கிறீங்க, வாசல்ல கெடக்கியத மட்டும் பிடிக்க மாட்டீங்க. இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்லெங்கி நான் இருக்கணும்."

"கொண்டு போறேன்" என்றார் அவர். "ஆனா திரும்ப இங்கதான் வரும் எலிசா. சட்டம் அப்படித்தான்."

"சட்டமும் ஒங்க டீச்சரும்!"

வியாழக்கிழமை காலையில் பால்காரன் கேட்டைத் திறந்தபோது குரைப்புச் சத்தம் இல்லை. செவலை போயிருந்தது. எலிசாள் வாய் திறக்கவில்லை. கேட்டால் அக்கறை என்று நினைத்துக்கொள்வார். எங்கே போயிருக்கும்? டீச்சர் வீட்டில் கொண்டு வைத்திருப்பார். அங்கே ரெண்டு பேருமாக மோளே மோளே என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்த நினைப்பு வந்தபிறகு, அது கேட்டடியிலேயே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது.

"மைனி, இதென்ன இவ்வளவு கொண்டாட்டம் மிளகா?" மோர்மிளகாய்ப் பொட்டலத்தைக் கண்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஜெஸியின் குரல். சத்தியதாஸின் தங்கை. செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, காப்பிக்கு மட்டும் விலக்கு என்று சொல்லிக்கொண்டு சீனி தேடப் போனவள் அலமாரி முழுக்கத் துழாவியிருந்தாள்.

"செவ்வாய்க்கெழம வாங்கிட்டு வந்தது. வலியசாலைல கோயிலுக்குப் பக்கத்துல ஒரு பிராமண வீட்டுல போட்டு விக்கியாவ."

"ஃப்ரீசர்ல நெத்தோலி மீனும் கெடக்குவு."

"அது திங்கக்கெழம. விழிஞ்ஞம் போனாரு."

போகிற இடத்தில் கிடைக்கிற எதையாவது வாங்காமல் வரமாட்டார். பாலராமபுரம் போனால் துண்டு, வெள்ளாயணி போனால் சிவப்புக் கீரை. வீட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்ற யோசனையே கிடையாது. அவர் எந்தத் திசைக்குப் போய்விட்டு வருகிறார் என்று எலிசாள் பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். புதன்கிழமை மட்டும் வெறுங்கை. "பை எங்க?" என்று கேட்டதற்கு "இன்னைக்கு ஒண்ணும் வாங்கல்ல" என்றார். அதற்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். நெத்தோலியைப் பொரித்துக் கொடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை பொரிக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

ரெண்டு மணிக்கு ஜெபம் தொடங்கியது. பந்தலில் ஆள் அதிகமில்லை. பாட்டு முடிந்து, போதகர் வசனம் வாசித்து, குடும்பத்தார் முத்தம் கொடுக்கும் நேரம் வந்தது. ஷிஜி குனிந்தவள் எழவில்லை, ஜெஸி தூக்கிவிட வேண்டியிருந்தது. எலிசாள் நெற்றியில் முத்தமிட்டாள். குளிர்ப்பெட்டியில் கிடந்த நெற்றி ஈரமாக இருந்தது. டெட்டால் வாசனை இல்லை, நாய் வாசனை இல்லை, பவுடர் மட்டும். எத்தனை தடவை சண்டை போட்டு வெளியே குழாயில் கழுவ வைத்தாள்! இன்று சுத்தமாகக் கிடந்தார், ஆனால் அது அவராக இல்லை.

"இனி ஆரெங்கிலும் பாக்கணுமா?" என்று கேட்டார் போதகர்.

எலிசாளின் கண் கேட்டுக்குப் போனது. யாரும் இல்லை. மதிலோரத்தில் வாடகை நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.

முகத்துணியை ஷிஜி எடுக்குமுன் எலிசாள் எடுத்தாள். நாலு முனையும் சரியாக வரும்படி விரித்து மூடினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. பெட்டியின் மூடி வைக்கும் சத்தம் கேட்டதும் அந்த நினைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கால் கழுவி, எல்லோரும் கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓம்னி வேன் வந்து முக்கில் நின்றது. நாலு மணி ஆகியிருக்கவில்லை. டீச்சர் இறங்கி வந்தாள். நரைத்த முடியை அள்ளிக் கட்டியிருந்தாள், புடவைக் கரை நனைந்திருந்தது, வாழை இலையில் சுற்றிய முல்லைமாலை கையில். பந்தலுக்குள் வந்து காலியான மேஜையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"எடுத்தாச்சா?"

"ரெண்டு மணிக்கே கழிஞ்சுது டீச்சரே" என்றாள் ஷிஜி. "நாலுன்னு ஆரு சொன்னா?"

டீச்சர் எலிசாளைப் பார்த்தாள். எலிசாள் டம்ளரைப் பார்த்தாள். சொல்லட்டும். ஊர் முன்னால் வைத்துச் சொல்லட்டும். என் புருஷன், என் வீடு, நான்தான் சொன்னேன் என்று திருப்பிச் சொல்ல அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"எனக்குக் கேட்டதுல தப்பு" என்றாள் டீச்சர். "அழுதுட்டே கேட்டேன்."

டீச்சர் மாலையை வெற்று மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல், எலிசாளின் அருகில் வந்து குனிந்தாள்.

"சேச்சி, இந்த நேரத்துல கேட்கக்கூடாது. வேற வழியில்ல. வண்டியில மூணு பட்டி இருக்கு. தனியா சென்டர் நடத்துறவங்க எல்லாரும் புதுசா பெர்மிட் எடுக்கணும்னு ஆர்டர் வந்துடுச்சு. எனக்கு இதுவரை கிடைக்கல. வியாழக்கிழமை தாஸ் அண்ணனும் நானும் ஆபீஸ்ல போய்ப் பகல் முழுக்க நின்னோம். இன்னைக்குச் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டுறாங்க. பிடிச்ச இடம் தெரியாத பட்டிகளை எல்லாம் பெரிய ஷெல்டருக்கு ஏத்திட்டுப் போவாங்களாம். அங்க போனா பின்ன திரும்பி வராது."

"அதுக்கு?"

"இந்த மூணும் எங்கேருந்து பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. மலையாளம் எழுத வராதுன்னு அண்ணன் எழுதி வைக்க மாட்டார். சனிக்கிழமை வந்து உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொல்வார், நான் எழுதுவேன். இன்னைக்குச் சனிக்கிழமை." டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட எல்லாம் சொல்லுவார்தானே, சேச்சி."

எலிசாள் நிமிர்ந்தாள்.

"உங்ககிட்ட பறையல்லியா?"

"இல்ல."

"போன்ல மணிக்கணக்கா பேசுவாரே!"

"அது மருந்து, தையல், எந்தப் பட்டி கஞ்சி குடிச்சது குடிக்கல. எப்பவும் அதுதான்."

எலிசாளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. செத்த வீட்டில் இப்படி இனிக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது, இருந்தாலும் இனித்தது. மருந்து, தையல், கஞ்சி! இதற்காகவா ஒன்பது வருஷம் வயிறு எரிந்தாள்? டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டாள்.

"என்னைக்குப் பிடிச்சதெல்லாம்?"

"கறுப்பு, திங்கக்கிழமை."

"விழிஞ்ஞம். மீன் ஏலம் போடுத எடத்துல. அங்க நெத்தோலி விக்கிய ஒரு அம்மாகிட்டதான் வாங்குவாரு. அவகிட்ட கேளுங்க, பட்டிய அடையாளம் சொல்லுவா."

டீச்சரின் வாய் திறந்தது.

"வெள்ளைல புள்ளி போட்டது, செவ்வாய்க்கிழமை."

"வலியசாலை. கொண்டாட்டம் விக்கிய வீட்டு முன்னாடி."

"எல்லாம் சொல்லியிருக்கார்" என்றாள் டீச்சர். அவள் குரலில் இருந்தது என்ன என்று எலிசாளுக்குச் சட்டென்று புரிந்தது. பொறாமை. தெரியாத சரக்கா அது? ஒன்பது வருஷம் எலிசாளே சுமந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

"மூணாவது?"

"பிரௌனி. புதன்கிழமை. அது எந்த இடம்?"

புதன்கிழமை. வெறுங்கை. இன்னைக்கு ஒண்ணும் வாங்கல்ல.

எலிசாள் எழுந்தாள். கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு பந்தலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி நடந்தாள். பின்னாலேயே டீச்சரும் ஷிஜியும் வந்தார்கள். அந்த வேனுக்குப் பக்கத்தில் அவள் ஒருநாளும் போனதில்லை. பின்கதவைத் தூக்கியதும் டெட்டாலும் நாயும் சேர்ந்த வாசனை முகத்தில் அடித்தது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த வாசனை. எலிசாள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கூண்டில் செவலை படுத்திருந்தது. வயிற்றில் மயிர் மழித்த இடத்தில் தையல் காய்ந்திருந்தது. இடது காது நுனி இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து, கூண்டின் தகரத்தில் வாலைத் தட்டியது. அவள் ஒரு பிடி சோறு போட்டதில்லை, இருந்தும் தட்டியது.

கொண்டு போறேன் என்றார், மறுநாளே கொண்டு போயிருக்கிறார். வாசலிலேயே பிடித்த நாய்க்கு எந்தக் கடையில் என்ன வாங்கிக்கொண்டு வருவார் மனுஷன்? இப்படி ஒரு நாய் தன் கேட்டடியில் இருப்பதையும், அதைத் தான் மோளே என்று கூப்பிடுவதையும் அந்த டீச்சரிடம் இத்தனை நாளில் மூச்சு விடவில்லை.

"தெரியுமா சேச்சி?" என்றாள் டீச்சர். "இது மட்டும் தெரியலன்னா..."

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அதோடு தீர்ந்தது. பிறகு கேட்டடி எலிசாளுக்குத்தான். சாயங்காலம் ஜன்னலில் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது. அவர் வந்து குத்தவைக்கும் இடத்தில் புல் முளைக்கும்.

ஷிஜி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம..." என்று தொடங்கினாள். எலிசாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இதைச் சொல்ல வேண்டியவள் ஷிஜி இல்லை.

"இது இங்கத்த பட்டி" என்றாள். "எங்க வாசல்ல கெடக்கியது. நான் சொல்லித்தான் பிடிச்சாரு."

டீச்சர் கூண்டின் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள்.

"நீங்க தொடண்டாம்."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, எலிசாளுக்கு அதில் பழக்கமும் இல்லை. விரல் சிராய்த்தது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எப்படித் திறப்பது என்று சொல்லவில்லை. ஒருவழியாகத் திறந்ததும் செவலை மெதுவாக இறங்கியது. அங்கேயே நின்று உடம்பை உதறியது. யாரையும் மோந்து பார்க்காமல், தையல் போட்ட வயிற்றோடு நிதானமாக ரோட்டோரமாக நடந்து கேட்டுக்குப் போனது.

எலிசாள் புடவை நுனியால் விரலைத் துடைத்தாள். ரெண்டு மணியை நாலு மணி என்று சொன்னது முள்ளாகக் குத்தியது. அதை எடுத்து வெளியே போட அவளுக்கு வரவில்லை.

"கல்லறைக்குப் போணுமெங்கி வெளிச்சம் உள்ளப்பமே போங்க" என்றாள். "அந்த மாலைய எடுத்துக்கிடுங்க. ஷிஜியும் கூட வருவா."

"நான் தனியாவே போயிடுவேன், சேச்சி. மோளுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"ஷிஜி கூட வருவா."

ஷிஜி மாலையை எடுத்து வந்து முன்சீட்டில் ஏறினாள். வண்டியை எடுக்கப் போன டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டைப் பார்த்தாள்.

"பிரௌனி, போயிட்டு வரேன்!" என்றாள். நாய் திரும்பவில்லை.

"அதுக்கு அப்படி ஒண்ணும் பேரில்ல" என்றாள் எலிசாள்.

"அப்படியா? தாஸ் அண்ணன் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்?"

எலிசாள் கேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். டீச்சர் வண்டியைக் கிளப்பினாள்.

மதிலோரத்தில் செவலை நின்றுகொண்டிருந்தது. அதன் இடத்தில் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒருமுறை சுற்றி வந்து, அடுக்குக்கும் செம்பருத்திக்கும் நடுவில் நுழையப் பார்த்து, முடியாமல் பின்வாங்கி நின்றது. பந்தல்காரன் அந்தப் பக்கம் நின்று கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய், அத விடு" என்றாள் எலிசாள். "இந்தக் கசேரிய முதல்ல எடு."

"அது கடைசியிலதான் வண்டியில ஏறும் அம்மா."

"இப்ப எடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். கீழே இருந்த கடைசி நாற்காலியை எலிசாளே நகர்த்தி வைத்தாள். உள்ளேயிருந்து ஜெஸி அவளைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டாள்.